தானாகவே விழுந்த தேவர்

ஒரு நகரத்தில் குடிநீர் இல்லாமல் இருக்கலாம். பேருந்து இல்லாமல் இருக்கலாம். புராணம் மட்டும் இல்லாமல் இருக்கவே கூடாது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஒரு சிறு நகரத்துப் ‘பாரம்பரிய மேம்பாட்டுக் குழு’ இந்தப் பேருண்மையைக் கண்டறிந்து சுற்றறிக்கையாகவே வெளியிட்டது. பழைய தெருவின் ஒவ்வொரு உணவகமும் தன் பெயருக்கு ஒரு புராணம் சமர்ப்பிக்க வேண்டும். குறைந்தபட்சம் ஒரு பேரரசர். கிடைக்காத பட்சத்தில் ஒரு தேவர்.

தெரு உற்சாகமாக ஒத்துழைத்தது. ஒரே பேரரசர் ஒரே மதியத்தில் ஏழு கடைகளில் சாப்பிட்டுவிட்டதால், அவரது வயிற்றின் நலன் கருதி மூன்று கடைகளை வேறு வம்சத்துக்கு மாற்றினார்கள்.

‘நொண்டி யென் நூடுல்ஸ்’ கடை மட்டும் எதுவும் அனுப்பவில்லை. அதை நடத்தியவள் யென் ஷுஃபென், வயது அறுபத்திரண்டு. குழுவின் துணைத் தலைவர் கோங் நேரில் வந்தார்.

“அக்கா, கடைக்கு ஏன் இந்தப் பேரு?”

“எங்கப்பா நொண்டி. குடும்பப் பேரு யென்.”

“இது காரணம். நான் கேக்கறது புராணம். இல்லேன்னா பலகையை மாத்திடுவாங்க. ‘மகிழ்ச்சி நூடுல்ஸ், எண் 14’.”

ஷுஃபென் அடுப்பைத் தணித்தாள். அந்தப் பலகையை எழுதியது அவள் அப்பா. அது இறங்குவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

“சரி, நீங்களே சொல்லுங்க.”

கோங் கையோடு கொண்டுவந்திருந்தார். சீனப் புராணங்களில் வரும், இரும்புக் கோல் ஊன்றிய நொண்டித் தேவர் இவ்வழியே வந்து, ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டு, ‘நொண்டி’ என்ற தன் பட்டத்தையே கடைக்கு அருளினாராம்.

“காரம் எவ்வளவு கேட்டாராம்?”

“நல்ல கேள்வி” என்று கோங் குறித்துக்கொண்டார். “தேவருக்குக் கால் எப்படிப் போச்சுன்னு குழுவுல கேப்பாங்க.”

“எங்கப்பாவுக்குப் போன மாதிரின்னு எழுதுங்க. அறுபத்தெட்டுல, கலாச்சாரப் புரட்சி நடந்தப்ப, சொந்த வியாபாரமே குத்தம். ஒளிச்சு வச்சு நூடுல்ஸ் வித்தார்னு மேடையில ஏத்தினாங்க. ஊரே கைதட்டுச்சு. அப்புறம் தள்ளி விட்டாங்க.”

“எந்த மேடை?”

“இப்ப உங்க ஆபீஸ் வாசல்ல பூந்தொட்டி வச்சிருக்கீங்களே, அங்கதான்.”

கோங் பேனாவை மூடினார்.

தேவரின் கால் குறித்த, வரலாற்றுச் சிறப்புமிக்க குழுக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. பதினோரு உறுப்பினர்கள். ‘பயனாளி’ என்ற முறையில் ஷுஃபெனுக்குக் கதவோரம் ஒரு நாற்காலி. தேவரைத் தள்ளியது யார் என்ற ஆட்சேபணை எழுந்ததும், ‘தள்ளப்பட்டார்’ நீக்கப்பட்டது. ‘சறுக்கினார்’ என்றால் தெருப் பராமரிப்புத் துறைக்கு இழுக்கு. கடைசியில் ‘மேகத்திலிருந்து விழுந்தார்’ என்று முடிவாயிற்று.

அதுவரை தேநீர் மட்டுமே அருந்திக்கொண்டிருந்த மூத்த ஆலோசகர் லோ, எழுபத்தொன்பது வயது, தொண்டையைச் செருமினார்.

“‘தானாகவே’ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கங்க. தெளிவா இருக்கும்.”

ஷுஃபென் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவை மேடையேற்றிய அன்று, ஆறு வயதில், அம்மாவின் முதுகில் முகம் புதைத்தபடி, மேடை ஒலிபெருக்கியில் அந்தக் குரலை அவள் கேட்டிருந்தாள்.

திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது.

புராணம் பொறித்த கல்வெட்டைக் குழு அலுவலக வாசலில் திறந்துவைத்தார்கள்; விழாவுக்கு மேளமும் கேமராக்களும் வந்தன. வாசிக்கும் கௌரவம் ஷுஃபெனுக்கு. ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். “தேவர் தானாகவே விழுந்தார்” என்ற இடத்தில் நிறுத்தி, முன்வரிசையைப் பார்த்தாள்.

“லோ ஐயா, இந்த வார்த்தை நீங்க சேத்தது. அன்னைக்கு மேடையில எங்கப்பா பக்கத்துல நின்னதும் நீங்கதான். தானாத்தான் விழுந்தாரா?”

மேளக்காரர்கள் குச்சியை இறக்கினார்கள். கோங் கேமராக்காரரிடம் பூந்தொட்டியைப் படம் எடுக்கும்படி சைகை காட்டினார். லோ கைத்தடியை இரு கையாலும் பற்றிக்கொண்டார்.

“ரொம்பப் பழைய விஷயம்மா. எனக்கு ஞாபகம் இல்லே.”

“தெரியும் ஐயா” என்றாள் ஷுஃபென். “உங்களுக்கெல்லாம் ஞாபகம் இல்லாததைத்தான் கல்லுல வெட்டிப் புராணம்னு பேரு வச்சிருக்கீங்க.”