கவலையில்லாத கை

புஜத்தில் கட்டியிருந்த பட்டை மறுபடியும் உப்ப ஆரம்பித்தபோது, பஸ் டிரைவர் தன் மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா! நான் கத்துற நேரமாப் பாத்துதான் இது அளக்குது!”

“அப்போ கத்தாம இருங்க.”

அது எப்படி முடியும்? டாக்டரைப் பார்த்தாலே அவருக்குப் பயம். ரத்த அழுத்தம் எகிறிவிடும். அது வெறும் பயமா, நிஜ வியாதியா என்று கண்டுபிடிக்கத்தான் காலையில் புஜத்துப் பட்டையோடு இணைத்த ஒரு குட்டி மெஷினை இடுப்பில் கட்டி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலை வரை அதுவே அவ்வப்போது உப்பி, அளந்து, பதிந்துகொள்ளும். ரிப்போர்ட் நன்றாக வந்தால் மறுபடியும் ஸ்டியரிங். இல்லையென்றால் டெப்போ மூலையில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

“வீட்ல ஒரு சத்தம் இருக்கக்கூடாது!” என்று சத்தம் போட்டார்.

டிவி நின்றது. மிக்ஸி நின்றது. வீடே அடங்கிய பிறகுதான் சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. ஒரு சொட்டு விழுந்ததும் அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தே அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

யாரும் போன் பண்ணித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மனைவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள். உடனே ஒருவர் பாக்கியில்லாமல் போன் பண்ணி, என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள்.

மகள் தியான வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டாள். “கண்ணை மூடுங்கள். மூச்சை மெல்ல இழுங்கள்...” என்றது குரல். இழுத்தார். விடுவதற்குள் குக்கர் விளம்பரம் ஒன்று விசிலடித்துக்கொண்டு வந்தது. பட்டை அப்போது பார்த்து உப்பியது.

“போச்சு! என் வேலை போச்சு!”

அப்போதுதான் அவர் பார்வை சோபாவின் மேல் விழுந்தது. மச்சினன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். வேலை போனதிலிருந்து அக்கா வீட்டோடுதான் இருக்கிறான். யார் என்ன சொன்னாலும் சிரிப்பான். இந்த வீட்டில் கவலையில்லாத ஒரே ஜீவன். அவனைப் பார்க்கும்போதெல்லாம் டிரைவருக்கு எரிச்சல் வரும். இன்று முதல்முறையாக அன்பு பொங்கியது.

“மாப்ள, தூங்குறியா?”

“இல்ல மாமா. சொல்லுங்க.” திரும்பாமலே சிரித்தான்.

“நாளைக்குக் காலையில வரைக்கும் இதை நீ கட்டிக்கோ. நீ பாட்டுக்குப் படுத்திரு. அது போதும்.”

“எனக்கு எதுக்கு மாமா?”

“கொடுத்துவச்ச உடம்புடா உன்னோடது! ஒரு கவலை உண்டா உனக்கு?”

“எனக்கென்ன மாமா கவலை!” என்று எழுந்து கையை நீட்டினான்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பட்டை கை மாறியது. டிரைவர் வயிறாரச் சாப்பிட்டார். இரவு குறட்டை விட்டுத் தூங்கினார். காலையில் பட்டையைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டு, விசிலடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நர்ஸ் மெஷினைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். திரையைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

“ரொம்ப மோசமா இருக்கே. ராத்திரிகூடக் கொஞ்சமும் இறங்கல. பொட்டுத் தூக்கம் இல்லையா?”

டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்தச் சோம்பேறியா? அவனுக்கா?

“மெஷின்ல கோளாறு டாக்டர்! இருக்கவே முடியாது! கவலைன்னா என்னன்னே தெரியாத கை அது!”

வாய் தவறிவிட்டது. டாக்டர் அவரையே பார்த்தார். டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நர்ஸ் மட்டும் திரையை அவர் பக்கம் திருப்பி, கோடு சட்டென்று மேலே ஏறிய இடத்தில் விரலை வைத்தாள்.

“மெஷின் சரியாத்தான் இருக்குண்ணே. நேத்து மதியம் வரைக்கும் இதைக் கட்டியிருந்தவருக்கு ஒரு குறையும் இல்ல, தாராளமா பஸ் ஓட்டலாம். அதுக்கப்புறம் கட்டியிருந்தவரை உடனே கூட்டிட்டு வாங்க.”