போலாரம் பத்மாவதி காம்ப்ளெக்ஸை நான் தனியாளாகத் தாங்கிப் பிடித்திருக்கும் விவரம்

போலாரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை

சிரஞ்சீவி தீபக்குக்கு, வாசு சித்தப்பா மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும், உன் சித்தி மங்களமும், கடையின் பின்சுவர் நீங்கலாக மற்ற மூன்று சுவர்களும் சௌக்கியம். புனேயில் நீயும் சௌம்யாவும் குழந்தை நிகிலும் சௌக்கியமாக இருக்கவேண்டும். போன வாரம் போனில் நிகிலிடம் "சாப்பிட்டியா கண்ணா?" என்று கேட்டேன். அவன் ஹிந்தியில் நீளமாகப் பதில் சொன்னான். சாப்பிட்டிருக்கிறான் என்பது வரை புரிந்தது. அது போதும்.

இதை ஏன் வாட்ஸாப்பில் அனுப்பாமல் கூரியரில் அனுப்புகிறேன் என்று நீ கேட்கலாம். வாட்ஸாப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலை நிமிர்த்தி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இது கட்டைவிரலுக்கு அடங்குகிற சமாசாரம் இல்லை. புடவைக்குப் பொருத்தமான ப்ளவுஸ் துணி விற்கிற நம் மேட்சிங் சென்டருக்கு ஆபத்து வந்திருக்கிறது. பத்மாவதி காம்ப்ளெக்ஸை இடித்துவிட்டு ஐந்து மாடியில் புதிதாகக் கட்டப்போகிறார்கள். நம் கடையைக் கொண்டுபோய் மூன்றாவது மாடியில் வைக்கப்போகிறார்கள். இதுவரை நடக்காமல் இருப்பதற்கு ஒரே காரணம், நான்.

முதலில் கட்டடத்தின் உடல்நிலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பு உனக்கு வேறு மாதிரி சொல்லக்கூடும். கட்டி நாற்பது வருஷம் ஆகவில்லை. வாலிப வயது. தண்ணீர்த் தொட்டியில் ஓர் அரசமரம் வளர்ந்திருப்பது உண்மைதான், ஆனால் அதன் வேர் மூன்று தூண்களைக் கட்டிப் பிடித்திருக்கிறது, எந்த சிமெண்ட் அப்படிப் பிடிக்கும்? மழைக்காலத்தில் மேல்தளத்து ஜன்னலுக்கு மேலிருந்த சஜ்ஜா ஒன்று பெயர்ந்து பேட்டரிக் கடை தேவசகாயத்தின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஸ்கூட்டருக்கு ஒன்றும் இல்லை, சஜ்ஜாதான் சுக்குநூறு. இதன் பேரில் யாரோ எழுதிப் போட, நகராட்சியிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்தார். சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்து நம் கடை ஓரத்துத் தூணில் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது. அவர் சிறிது நேரம் தன் வெறும் கையைப் பார்த்தார், பிறகு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். சுத்தியல் இன்னும் தூணுக்குள்தான் இருக்கிறது. அதுவும் ஒரு விதத்தில் தூணுக்கு பலம் என்று நான் எடுத்துச் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

நோட்டீஸ் வந்த மறுவாரமே பில்டர் ராகவேந்திரா வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், பளபளவென்று சட்டை, பேச்சில் பாதி தெலுங்கு, பாதி ஹிந்தி, நம்மைக் கண்டால் மட்டும் மரியாதைக்குக் கொஞ்சம் தமிழ். கடைக்காரர்கள் பதினான்கு பேரையும் உட்காரவைத்து, சுவரில் படம் போட்டுக் காட்டினான். படத்தில் புதுக் கட்டடம் கண்ணாடியால் மின்னியது. போலாரத்தில் எக்காலத்திலும் முளைக்காத மரங்கள் வாசலில் நின்றன. மரத்தடியில் வெள்ளைக்காரப் பெண்கள் பைகளோடு நடந்தார்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, ஒரு மாடு கூட இல்லை. "மேட்சிங் சென்டர் எங்கேப்பா?" என்று கேட்டேன். "மூணாவது ஃப்ளோர் அங்கிள், லிஃப்ட்டுக்கு நேர் எதிர்ல. ஃபர்ஸ்ட் கிளாஸ் லொகேஷன்," என்றான். கீழ்த்தளம் முழுவதையும் ஏதோ பெரிய ஷோரூமுக்கு ஒதுக்கியிருக்கிறானாம். மற்ற பேர் எல்லாம் தலையாட்டினார்கள். முதல் மாடியில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற ஜுலைகாவிடம், "நீயாவது ஒரு வார்த்தை கேளம்மா," என்றேன். "எனக்கு எந்த மாடி குடுத்தாலும் சரிண்ணே. தலையில விழாத மாடியாக் குடுத்தாப் போதும்," என்றாள். இப்படிப்பட்ட படையை வைத்துக்கொண்டுதான் நான் போரிடுகிறேன்.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். நம் தொழிலுக்கு வேண்டியது வெளிச்சம், அதுவும் வெயில் வெளிச்சம். நம்மிடம் சிவப்பில் மட்டும் நூற்று நாற்பத்தொரு சிவப்பு இருக்கிறது, அதில் பதினெட்டு எனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்தவை. ஒரு பெண்மணி மயில்கழுத்துப் புடவையோடு வருகிறாள் என்று வை. நான் ஏழு துணியை எடுத்துப் போடுகிறேன். அவள் ஏழையும் வாரிக்கொண்டு இரண்டு படி இறங்கி நடுரோட்டில் நின்று, புடவையைப் பக்கத்தில் பிடித்து வெயிலில் பார்க்கிறாள். பஸ் வந்து நிற்கிறது. டிரைவர் ஹாரன் அடிப்பதில்லை, தலையை வெளியே நீட்டி, "ரெண்டோதி பாகுந்தம்மா," என்கிறான். பஸ்ஸுக்குள் இருக்கிற பெண்கள் இல்லை, மூன்றாவதுதான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இப்படி ஊர் கூடி முடிவு செய்த ப்ளவுஸில் இன்றுவரை ஒரு புகார் வந்ததுண்டா? இதே பெண்மணி மூன்றாவது மாடியில், பகலிலும் விளக்கு எரிகிற பெட்டிக்குள், எந்த வெயிலில் பிடித்துப் பார்ப்பாள்? லிஃப்ட்டில் இறங்கி வந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறுவாளா? எதிர்க்கடைக்குப் போய்விடுவாள்.

இதைச் சொன்னதும் ராகவேந்திரா, "டென்ஷன் நக்கோ அங்கிள். இப்ப டேலைட் பல்பு வந்துடுச்சு. வெயில் மாதிரியே இருக்கும்," என்று ஒன்றை வாங்கி வந்து நம் கடைப் பின்னறையில் மாட்டினான். ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்துச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒப்பந்தம். விதி பார், அன்று வந்தது சைனிக்புரி கர்னல் வீட்டம்மா. மகள் கல்யாணத்துக்கு அரக்குப் பட்டு. பல்பு வெளிச்சத்தில் வைத்து அரக்குத் துணியை வெட்டிக் கொடுத்தேன். கல்யாணத்தன்று பந்தலுக்கு வெளியே வந்ததும் அது கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. கல்யாணப் படம் நானூறிலும் சம்பந்தியம்மாள் அந்த ப்ளவுஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மறுநாள் கர்னல் நேரில் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடையை ஒரு முறை பார்வையிட்டார். நான் என்னை அறியாமல் விறைப்பாக நின்றுவிட்டேன். அவர் போன பிறகும் பத்து நிமிஷம் அப்படியே நின்றேன். இந்த நிரூபணத்தை ராகவேந்திராவிடம் எடுத்துப் போனால், "அது பல்பு மிஸ்டேக் இல்ல அங்கிள், உங்க கண்ணு மிஸ்டேக்," என்கிறான். என் கண்ணையா சொல்கிறான்? அமாவாசை இருட்டில் கறுப்பையும் கருநீலத்தையும் பிரித்து அடுக்குகிற கண்.

நியாயம் எடுபடவில்லை என்று தெரிந்ததும் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தேன். இங்கேதான் உன் சித்தப்பாவின் மூளையைப் பார்க்கவேண்டும். ராகவேந்திரா எதற்கும் நாள் பார்க்கிற ஆள். முதல் கையெழுத்துத் தேதியை அவனே தள்ளிப்போட்டான், அவர்களுக்கு ஆஷாடமாம். ஆஷாடம் முடிந்து பேனாவோடு வந்தான். "தம்பி, உங்களுக்கு முடிஞ்சுது, எங்களுக்கு ஆடி இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு," என்றேன். "ஹவ் அங்கிள், கரெக்ட்," என்று ஆமோதித்துப் பேனாவை மூடிக்கொண்டு போனான். ஆடி போய் ஆவணி வந்தால் வக்கீல் ஊரில் இல்லை. பிறகு பித்ரு பட்சம். பிறகு அவர்கள் பக்கத்து மூடம், சுக்கிரன் எங்கேயோ மறைந்துவிட்டாராம், அவர் திரும்பி வருவதற்குள் நம் மார்கழி. இப்படி இரண்டு பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஏழு மாதம் ஓட்டினேன். நடுவில் மாதம் இரண்டு தடவை அவன் ஆபீஸில் பேச்சுவார்த்தை. போனால் எழுந்து நிற்பான், "கூர்ச்சோண்டி அங்கிள்," என்று நாற்காலி போடுவான், நான் இரண்டு மணி நேரம் பேசுவேன், அவன் ஒரு தடவை கூட கடிகாரத்தைப் பார்த்ததில்லை. எதிரியானாலும் பண்பாடு உள்ள எதிரி. என் வாதம் அவனை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

இப்போது தை பாதி தாண்டிவிட்டது. தையில் சொல்ல ஒரு குறையும் இல்லை. பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன். ஆகவே போன செவ்வாய்க்கிழமை கடைக்குள்ளேயே இருந்து சத்தியாக்கிரகம் செய்வதென்று முடிவெடுத்து, ஷட்டரை உள்ளேயிருந்து இழுத்தேன். தரைக்கு ஒரு அடி உயரத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. முழு சத்தியாக்கிரகமும் இல்லை, முழு வியாபாரமும் இல்லை என்கிற நிலை. தேவசகாயம் குனிந்து பார்த்து, "வாசு சார், போராட்டமா, மாட்டிக்கிட்டீங்களா? தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி கோஷம் போடலாம்," என்றான். வந்த பெண்கள் சளைக்கவில்லை. புடவைத் தலைப்பை அந்த இடைவெளியில் உள்ளே தள்ளினார்கள், நான் துணியை வெளியே தள்ளினேன், அவர்கள் ரோட்டில் வெயிலில் பார்த்துவிட்டு வேண்டாததை மறுபடி உள்ளே தள்ளினார்கள். நான்கு மணி நேரத்தில் இருபத்திரண்டு ப்ளவுஸ். மத்தியானம் ஒரு தட்டையான தட்டில் தயிர்சாதம் உள்ளே வந்தது. கையைப் பார்த்தே உன் சித்தி என்று தெரிந்துகொண்டேன். "உப்பு சரியா இருக்கா?" என்று குரல். "இருக்கு." "சரி, தட்டை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்." அவ்வளவுதான். இந்த ஏழு மாதத்தில் இந்த விவகாரம் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெண்களுக்கு இதெல்லாம் புரியாது, பாவம். கடைசியில் ராகவேந்திராவே ஜாக்கியோடு நாலு ஆளை அனுப்பி ஷட்டரைத் தூக்கிவிட்டான். எதிரிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போராட்டத்தை முடித்துக்கொள்ளும்படி ஆயிற்று. வரலாற்றில் எந்தத் தலைவருக்கும் இந்த நிலை வந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சிவில் இஞ்சினியரிங் படித்தவன். படித்த நாள் முதல் ஒரு செங்கல்லையும் தொடாமல் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய் என்பது வேறு விஷயம், பட்டம் பட்டம்தான். அடுத்த மாதம் முதல் தேதி இடிக்கிற மெஷின் வருகிறதாம். நீ வருகிற சனிக்கிழமை புறப்பட்டு வந்து, கட்டடத்தைச் சுற்றி நிதானமாக நடந்து, இரண்டு இடத்தில் "ஹும்" என்று சொல்லி, இது இன்னும் இருநூறு வருஷம் தாங்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். தூண் பக்கம் மட்டும் போகாதே. சாய்ந்துவிடாதே. காகிதம் கைக்கு வந்ததும் ராகவேந்திரா வழிக்கு வருவான், கீழ்த்தளத்தில் ரோட்டைப் பார்த்தாற்போல் கடை கொடுத்தால் ஒழிய என் கையெழுத்து கிடையாது என்று சொல்லிவிடுவேன். என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு செங்கல் அசையாது, தானாக விழுவது நீங்கலாக. நீ வரவில்லை என்றால் மேட்சிங் சென்டர் மூன்றாம் மாடியில் இருட்டில் முடிந்துபோகும், அந்தப் பழி உன்னைச் சேரும், இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன்.

சௌம்யாவுக்கும் நிகிலுக்கும் எங்கள் ஆசிகள். சகல ஐசுவரியமும் பெற்று, வெயில் படுகிற வீட்டில் நீண்ட ஆயுளோடு இருப்பாயாக.

இப்படிக்கு,
உன் அன்பு சித்தப்பா,
வாசு
(உரிமையாளர், மங்களம் மேட்சிங் சென்டர்)

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் இதை உன் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். "கடை யார் பேர்ல இருக்கு?" என்றாள். "நம்ம பேர்ல," என்றேன். "நம்மன்னா?" என்றாள். கடை வாங்கின காலத்தில் நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன், சர்க்கார் சம்பளக்காரன் தன் பேரில் கடை வைக்கக்கூடாது, அதனால் அவள் பேரில் பதிவு செய்தோம். ரிடையர் ஆகி எட்டு வருஷமாக முதலாளியாக இருக்கிற மும்முரத்தில் இது என் ஞாபகத்தை விட்டுப் போயிருக்கிறது. அவள் ஆடி மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். கீழ்த்தளம், ரோட்டைப் பார்த்த கடை, கிழக்கு வெயில். எப்படி வாங்கினாய் என்றேன். "கேட்டேன், சரிம்மான்னான்," என்றாள். ஆகவே காகிதம் வேண்டாம். வருவதானால், இடிப்பதற்கு முன் துணிக்கட்டு இறக்க ஒரு பழைய சட்டையோடு வா.

ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். ஒன்பதாவது ஷரத்து, அவள் சொல்லிச் சேர்த்ததாம்: "கட்டடம் முடியும் வரை பில்டர், கடை உரிமையாளரின் கணவருடன் மாதம் இருமுறை, அவசரப்படுத்தாமல், பேச்சுவார்த்தை நடத்தவேண்டும்." எத்தனை மணி நேரம் என்று குறிப்பிடாமல் விட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை போய் அதைப் பற்றிப் பேசப்போகிறேன்.