மாமாவை வெட்டியது பற்றி ஒரு விளக்கம்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளான எங்கள் மகளும் நலம். அங்கு நீங்கள் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கிறீர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் தெருவில் இன்னும் ஓரிருவர் நம்ப மறுப்பதாகவும், பால்காரர் உங்கள் வாசலில் பாத்திரத்தை எட்டி நின்று வாங்குவதாகவும் கேள்விப்பட்டேன். மிகவும் வருந்துகிறேன்.

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் கோபம் நியாயமானது. விதைக்கடைக்குச் சரக்கு எடுக்க விடியற்காலையில் கிளம்பிப்போய், போனில் சார்ஜும் இல்லாமல் சாயங்காலம் வீடு திரும்பும் ஒரு மனிதர், தன் வீட்டு வாசலில் வாடகை நாற்காலி போட்டுத் தெருவே உட்கார்ந்து தன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். அவ்வளவு நல்லவிதமாக உங்களைப் பற்றி யாரும் பேசி நீங்கள் கேட்டதில்லை என்பதால் வேலி ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனீர்கள் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். நான் அதை நம்பவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் சமைப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் காய்கறி சாப்பிடுவதில்லை என்பதும் தெரியும். தட்டில் போட்ட கேரட்டையும் பீன்ஸையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கி மதில்சுவர் கட்டிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போவார்கள். பள்ளிக் கமிட்டித் தலைவர் அந்த மதில்சுவர்களை ஒருநாள் சுற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இப்படியே போனா உணவுக்கூடத்த பொட்டலக்காரர்கிட்ட குடுத்துடலாம். பிள்ளைங்க அதையாவது சாப்பிடும்" என்றார். பொட்டலக்காரர் என்பது பள்ளிக்கூட வாசலில் மொறுமொறுவென்று காற்றடைத்த பொட்டலம் விற்கிறாரே, அவர். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் அடுப்பங்கரையின் நீள அகலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வேறு தொழில் தெரியாது, மச்சான்.

தலைமையாசிரியை அம்மாதான் வழி கண்டுபிடித்தார். ஒரு வகுப்பில் போய்க் கேரட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். பாதிப் பேர் ஃபிரிட்ஜிலிருந்து என்றும், மீதிப் பேர் அப்பா பையிலிருந்து என்றும் சொல்லியிருக்கிறார்கள். உடனே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கொத்தி, வகுப்புக்கு ஒரு பாத்தி ஒதுக்கி, தாங்களே வளர்த்ததைத் தாங்களே சாப்பிடட்டும் என்று ஏற்பாடு செய்தார். விளைந்ததைச் சமைத்துப் போடுவது என் பொறுப்பு. அன்றைக்குக் கமிட்டி வந்து தட்டுகளைப் பார்த்து, உணவுக்கூடம் எனக்கா பொட்டலக்காரருக்கா என்று முடிவு செய்யும். நீங்கள் பெரிய மனது பண்ணிக் கடையிலிருந்து சுரை விதை கொடுத்து அனுப்பினீர்கள். அங்கேதான் பிடித்தது சனி.

தோட்டத்தைக் கவனித்துக்கொண்டவர் அறிவியல் ஆசிரியர். நல்ல மனிதர், வார்த்தையில் மட்டும் நிதானம் கிடையாது. முதல் நாளே பிள்ளைகளை நிற்கவைத்து, "இந்தச் செடிங்க இனிமே உங்க சொந்தம். சொந்தக்காரங்கள பாத்துக்கற மாதிரி பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டார். சொந்தம் என்றால் உடைமை என்று அவர் நினைத்துச் சொன்னார். பிள்ளைகள் உறவு என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே பாத்தி முழுக்க உறவுமுறை வந்துவிட்டது. மண்ணுக்குள்ளேயே கிடந்து தலைகாட்டாத முள்ளங்கி, சின்ன அத்தை. ஒட்டி ஒட்டிக் காய்த்த தக்காளிகள், இரட்டைச் சித்திகள். தொட்டால் முள் குத்தும் கத்தரி, யாரோ ஒரு பிள்ளையின் பெரியம்மா. உங்கள் மருமகள் வளர்த்த சுரைக்காய்க்கு, விதை கொடுத்தவர் என்ற நன்றியில் மாமா என்று உங்கள் முறையையே வைத்தாள். காய் பெரிதாக ஆக அவளை நானும் குறை சொல்ல முடியவில்லை. மேலே வழுக்கை, உச்சியில் ஒரு காம்பு, கீழே நல்ல தொந்தி, சுவரில் சாய்ந்துகொண்டு மத்தியானத் தூக்கம் போடும் தோரணை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும், "மாமா இன்னைக்கு இன்னும் குண்டாயிட்டாரு" என்று வந்து சொல்வாள். உங்கள் தங்கை பூரித்துப்போவாள்.

அறுவடை வெள்ளிக்கிழமை. காலையில் நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியாமல் உங்கள் மருமகள் தன் அத்தைக்கு, அதாவது உங்கள் வீட்டு அக்காவுக்கு, போன் போட்டிருக்கிறாள். "அத்தை, இன்னைக்கு மாமாவ வெட்டப் போறாங்க. அப்பாதான் வெட்டுறாரு. கத்தி தீட்டிட்டு இருக்காரு. நீங்க வந்து தடுங்க" என்று ஒரே அழுகை. அக்கா உடனே உங்கள் போனுக்கு அடித்தால் உயிரில்லை. போனுக்குத்தான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது என் சூப்பைக் கை கழுவின தண்ணி என்று சொன்னதும், நான் பதிலுக்கு, "ஒரு நாள் உங்களையே சூப் வைக்கிறேன் பாருங்க" என்று சொன்னதும் அக்காவுக்கு அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்! உங்கள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கே பள்ளிக்கூடத்தில் நிலவரம் இன்னும் மோசம். நான் கத்தியும் கூடையுமாகத் தோட்டத்துக்குப் போனால், பிள்ளைகள் பாத்தியைச் சுற்றிக் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு காயைத் தொட விடவில்லை. பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் அழுகிறது. அறிவியல் ஆசிரியர் தாவரத்துக்கு வலி தெரியுமா தெரியாதா என்று பாடம் எடுக்கப்போய், தெரிந்தாலும் தெரியலாம் என்று முடித்து எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். கமிட்டி வந்து உணவுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. பொட்டலக்காரர் சாக்கோடு வந்து வராந்தாவில் நிற்கிறார். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, போட ஒன்றும் இல்லை. நான் மானத்தை விட்டுச் சுரைக்கொடிப் பக்கம் போனேன். உங்கள் மருமகள் குறுக்கே வந்து நின்று, "மாமாவ வெட்டிட்டு அத்தைக்கு என்ன பதில் சொல்லுவ, சொல்லுப்பா" என்று கத்தினாள்.

அந்த வார்த்தை வாயிலிருந்து விழவும் போலீஸ்காரர் கேட்டுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. ஓய்வு பெற்றவர் என்று பெயர்தான், பிடி இன்னும் ஓய்வு பெறவில்லை. என் மணிக்கட்டை முறுக்கிக் கத்தியைப் பிடுங்கி, "எங்கய்யா அவரு?" என்று உறுமினார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், "அதோ, கொடியில தொங்குறாரு" என்றார்கள். மனிதர் மரத்தையெல்லாம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சுரைக்காயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி காயைப் பார்த்துவிட்டு, "சாயல் இருக்கத்தான் செய்யுது" என்றார். இது அவர் சொன்னது மச்சான், நான் சொன்னதில்லை.

மணிக்கட்டு வலியில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. பிள்ளைகளிடம், "சரி கண்ணுங்களா, நீங்க யாரும் சாப்பிட வேண்டாம். எல்லாத்தையும் கமிட்டிக்காரங்களுக்குப் போட்டுடறேன். அவங்களுக்கு ரொம்பப் பசி" என்றேன். பெரியம்மாவைக் கட்டிக்கொண்டிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அவங்க ஏன் சாப்பிடணும்? தண்ணி ஊத்துனது நாங்க. எங்க பெரியம்மா எங்களுக்குத்தான்" என்றாள். அவ்வளவுதான். பிடுங்கினார்கள், பறித்தார்கள், அவர்களே கூடையில் கொண்டுவந்து போட்டார்கள். இரட்டைச் சித்திகளை அடுப்பங்கரைக்கு வரும் வழியிலேயே முடித்துவிட்டார்கள். உங்கள் மருமகள் சுரைக்காயைத் தன் கையால் தூக்கிவந்து, "அப்பா, மாமாவுக்கு உப்பு பாத்துப் போடு" என்றாள். ஒரு தட்டிலும் மதில்சுவர் இல்லை, மச்சான். வழித்து நக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெளியே வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். கமிட்டிக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. தலைவர் பொட்டலக்காரரிடம் பொட்டலம் வாங்கிப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே, உணவுக்கூடம் என்னிடமே இருக்கட்டும் என்று அறிவித்தார்.

இத்தோடு முடிந்திருக்கும். போலீஸ்காரர் நல்ல செய்தி சொல்ல அக்காவுக்குப் போன் போட்டார். அதை உங்கள் மருமகள் பிடுங்கி, "அத்தை, அழாதீங்க. மாமாவ நாங்க எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுட்டோம். மெத்துமெத்துன்னு இருந்தாரு. போலீஸ் தாத்தாகூட ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் உங்கள் வாசலுக்கு நாற்காலி வந்தது.

ஆகவே குற்றம் யார்மேலும் இல்லை. உங்கள் தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இனி நம் குடும்பத்தில் ஒருவர் பெயரும் உணவுக்கூடத்து வாசல்படியைத் தாண்டாது. பிள்ளைகள் காய் சாப்பிடப் பழகிவிட்டார்கள், என் பிழைப்பும் நிலைத்துவிட்டது. நீங்கள் மனம் இறங்கி ஒருமுறை நேரில் வந்து போனால் உங்கள் தங்கை முகத்தில் பழைய வெளிச்சம் வரும். சூப் வைக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இப்போது வேண்டாம் என்றால் கோபம் ஆறியபின் சொன்னாலும் போதும். எதிர்வீட்டுப் பெரியவருக்கு என் மணிக்கட்டின் அன்பான விசாரிப்புகள்.

உங்களை என்றும் முழுதாகவே காண விரும்பும்,
உங்கள் தங்கை கணவன்.

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். தோட்டம் காலியாகிவிட்டதால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் காய் வாங்கி இந்த வாரம் சமைத்தேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் கரண்டியைத் தடுத்து, "இது யாரு?" என்றான். கேரட் என்றேன். "கேரட்டுன்னு தெரியுது. யாரு? தெரியாதவங்க குடுத்தாலே வாங்கித் திங்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. தெரியாதவங்களையே எப்படித் திங்கறது?" என்கிறான். தலைவர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, இந்த வாரக் கடைசிவரை எனக்குத் தவணை கொடுத்திருக்கிறார். பொட்டலக்காரர் அளவு நாடாவோடு வந்திருந்தார். வேறு வழியில்லாமல் முந்தாநாளிலிருந்து ஒவ்வொரு காயையும் உறவுமுறை சொல்லி அறிமுகப்படுத்திவிட்டுத்தான் சட்டியில் போடுகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஆகவே, அக்காவுக்குத் தெரியாமல், உங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யார் யார் என்று ஒருவர் விடாமல் அவசரமாகத் தெரிவிக்கவும். எங்கள் பக்கம் நேற்று மதியச் சாப்பாட்டோடு தீர்ந்துவிட்டது.