படுத்துக் கிடந்த எட்டு

தேவதர்ஷினி ஏன் முன்னேறவில்லை என்ற கேள்விக்கு வேணி டீச்சரால் பதில் சொல்ல முடியவில்லை.

"காலாண்டுல நூறு. பொதுத்தேர்வுல தொண்ணூத்தொம்பது. ஒரு சதவீதம் சரிவு." முன்னேற்ற ஆய்வு அலுவலர் நவநீதனின் குரல் துக்கம் விசாரிக்க வந்தவர் குரல் மாதிரி இருந்தது. "வருஷம் பூரா என்ன பண்ணீங்க டீச்சர்?"

"சார், கணக்குல அவதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்."

"நான் மார்க்கைக் கேக்கலீங்க. முன்னேற்றத்தைக் கேக்கறேன்."

மார்க்கைப் பார்ப்பதெல்லாம் போன வருஷத்தோடு போயிற்று. காலாண்டிலிருந்து பொதுத்தேர்வுக்கு எத்தனை சதவீதம் ஏறினான் என்பதுதான் இந்த வருஷத்துக் கல்வி. இருபதிலிருந்து நாற்பதுக்கு வந்தவன் நூறு சதவீதம் முன்னேறியவன். நூறிலேயே உட்கார்ந்திருப்பவள் தேங்கிப் போனவள். தொண்ணூற்றொன்பதுக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பள்ளிக்கே அவமானம். ஸ்ரீரங்கத்தில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியின் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெற்றோரையெல்லாம் உட்கார வைத்திருந்தது இந்த அவமானத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் ஆய்வு செய்யத்தான்.

கலையரசன் இதற்காக வரவில்லை. டி.சி. வாங்க வந்தான். துவாக்குடிப் பக்கம் ஒரு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சீட் கிடைத்திருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குள் டி.சி.யைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். டி.சி. எழுதித் தயாராக மேஜை மேல் கிடந்தது. தலைமையாசிரியர் ரெங்கராஜ் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்தக் கைகளோ அலுவலர் முன்னால் பவ்யமாகக் கட்டப்பட்டிருந்தன.

"சார், டி.சி.," என்றான் கலையரசன், கதவோரத்திலிருந்து.

"இருடா. மீளாய்வு நடக்குதில்ல."

"பஸ்ஸும் போகுதில்ல சார்."

அலுவலர் தலை நிமிர்ந்தார். "யாரு இந்தப் பையன்?"

"கலையரசன் சார். கணக்குல முப்பத்தெட்டு. பாஸ்தான்," என்றார் தலைமையாசிரியர், இதற்கு மேல் கிளற வேண்டாமே என்கிற முகத்தோடு.

"காலாண்டுல?"

"வரலைங்க. சைபர்னு போட்டிருக்கு."

அலுவலர் லேப்டாப்பில் தட்டினார். மறுபடி தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மற்ற பிள்ளைகளின் பெயருக்கு நேரே சதவீதம் இருந்த இடத்தில், இவன் பெயருக்கு நேரே ஓர் எட்டு படுத்துக் கிடந்தது.

"டீச்சர், இது என்ன?"

"முடிவிலி சார். முப்பத்தெட்டை சைபரால வகுக்கக் கூடாது. வகுத்தா இப்படித்தான் ஏதாவது வரும்."

"வகுக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? ஆணை இருக்கா?"

வேணி டீச்சர் யோசித்தார். ஆணை இல்லைதான்.

"ஆக, இந்தப் பையனோட முன்னேற்றத்துக்கு முடிவே இல்லை." அலுவலர் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்ததால் தலைமையாசிரியர் எழுந்தார். அவர் எழுந்ததால் பெற்றோரும் எழுந்தார்கள். "நாலு மாவட்டம் பார்த்துட்டேன். எங்கேயும் எட்டு படுக்கலை."

ஸ்கூல் ஃபர்ஸ்ட் என்று தேவதர்ஷினிக்காக வாங்கிவைத்த மாலையைக் கலையரசன் கழுத்தில் போட்டார்கள். செவ்வந்தி மாலை. மூக்குக்குள் உறுத்தியது.

தலைமையாசிரியர் அவன் காதில் சொன்னார்: "மைக்ல போய், எல்லாம் இந்தப் பள்ளியாலதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுடா. கையெழுத்துப் போட்டுடறேன்." சொன்னதோடு நிற்காமல், நம்பிக்கை வரட்டும் என்று அங்கேயே கையெழுத்தைப் போட்டு, சீலும் குத்தி, டி.சி.யை மேஜையில் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தார்.

கலையரசன் மைக்கைப் பிடித்தான். சுற்றி வளைத்துப் பேச அவனுக்கு வராது.

"காலாண்டப்போ எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் ரெண்டும் இட்லி மாதிரி இருந்துச்சு. அதான் வரலை. மத்தபடி ஒண்ணுமில்லீங்க."

ஹால் முழுக்கக் கைதட்டினார்கள். அலுவலர் எழுதிக்கொண்டார். பெற்றோரும் பேனா தேடினார்கள்.

"எந்தக் கன்னம் தம்பி முதல்ல?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"இடது."

"கழுத்துல சங்கிலி போட்டாங்களா?"

"அம்மா போட்டாங்க."

"எத்தனை பவுன்?"

"கவரிங் அக்கா."

ஹாலெங்கும் நிம்மதிப் பெருமூச்சு. 'குறைந்த முதலீடு' என்று அலுவலர் அடிக்கோடிட்டார்.

"சார், அவன் நோய்ல படுத்திருந்தான்," என்றார் வேணி டீச்சர். "அதைப் போய்..."

"டீச்சர், வர்ற காலாண்டுல உங்க வகுப்பு பூரா சைபர் வரணும். நீங்க எப்படி வரவழைப்பீங்க?"

"தெரியலை சார். நான் சொல்லிக் கொடுத்தா ரெண்டு பேராவது வாங்கிடுவாங்க."

"அதான் சொல்றேன். சொல்லிக் கொடுத்துக் கெடுத்துடாதீங்க."

முன்வரிசையிலிருந்து ராசப்பன் எழுந்தார். தேவதர்ஷினியின் அப்பா. மலைக்கோட்டைக் கடைவீதியில் துணிக்கடை. பேச்சு நடக்கும்போதே ஃபோன் போட்டு, கடைப் பையன் கையில் ஒரு பெட்டி நிறையக் கைக்குட்டை வரவழைத்திருந்தார். மடிப்புக் கலையாத ஒன்றைக் கலையரசன் முகத்துக்கு நேரே விரித்தார்.

"தம்பி, இதுல ஒரு தும்மல் போட்டுக் குடு."

"எனக்கு எப்பவோ சரியாயிடுச்சுங்க."

"சரியானா என்ன, வந்த உடம்புதானே."

"அப்பா," என்றாள் தேவதர்ஷினி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்து. "எனக்கு ஒண்ணாவதுலயே பொன்னுக்கு வீங்கி வந்துடுச்சு. திரும்ப வராது."

ராசப்பன் முகம் தொங்கிவிட்டது. "பார்த்தீங்களா சார். எல்லாத்தையும் முன்கூட்டியே முடிச்சுடறா. இதான் இவகிட்ட இருக்கற கோளாறு." இருந்தாலும் கைக்குட்டையை மடக்கவில்லை. வீட்டில் சின்னவன் இருந்தான்.

அதற்குள் அவர் பின்னால் வரிசை நின்றுவிட்டது. கோயிலில் தீர்த்தத்துக்கு நிற்பது போல ஒரு கை மேல் ஒரு கை வைத்து, அதன் மேல் கைக்குட்டையை விரித்து, தள்ளாமல் முட்டாமல் நின்றார்கள். கைக்குட்டை இல்லாதவர்களுக்கு ராசப்பன் அடக்க விலைக்கே கொடுத்தார். மாத்திரை மருந்து என்று வாய் கிழியப் பேசுகிற ஒரு மெடிக்கல் கடைக்காரரும் மகனோடு நின்றார். பின்னால் சத்துணவு அம்மா. அவருக்குப் பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், தலைமையாசிரியர். அவர் பேத்தி ஆறாவது போகிறாள்.

"பொதுநலன் கருதித் தும்முப்பா," என்றார் அலுவலர். "வரிசை முடியற வரைக்கும் தும்மிட்டு டி.சி.யை எடுத்துக்கோ. உன் சீட்டு எங்கேயும் ஓடிடாது."

சீட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடிகாரம் மூன்றைத் தொட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, மாலையின் செவ்வந்தி மூக்கின் அடி வரைக்கும் போய்க் குடைந்தது. கலையரசனுக்குக் கண் சொருகியது. வாய் தானாகத் திறந்தது. மூச்சு உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது.

"வருது, வருது," என்றார் ராசப்பன். வரிசையிலிருந்த அத்தனை கைக்குட்டைகளும் ஒரு சாண் முன்னால் நகர்ந்தன.

கலையரசன் மூக்கையும் வாயையும் ஒரு கையால் இறுக்கிப் பொத்தினான். மறு கையால் கண்ணாடிக் கூட்டைத் தள்ளி டி.சி.யை எடுத்தான். காது இரண்டும் அடைத்துக்கொள்ள, கண்ணில் தண்ணீர் வழிய, பொத்திய கையை எடுக்காமலே ஹாலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சத்திரம் பஸ் நிலையத்துக்கு ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றி ஏறினான்.

தும்மவில்லை.