பொல்யூஷன் மேடமும் ரோஸ் இட்லியும்

குப்பைத் தொட்டியைத் திறந்ததும் முகம் மலர்கிற மனிதப் பிறவி இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எனக்கு ரூம்மேட்டாக வாய்த்தது.

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை கிடைத்து, வேலூரிலிருந்து பெட்டியோடு வந்து நான் இறங்கிய இடம் அலிபிரி போகிற சாலையில் இருந்த ஒரு லேடீஸ் ஹாஸ்டல். என் அறையில் ஏற்கெனவே இருந்தவள் நகரி ஊர்ப் பெண். அப்பாவுக்கு அங்கே விசைத்தறி. இவள் இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது நம் பிளஸ் டூ. முதல் நாள் காலையில் ஜன்னலோரம் டம்ளரில் எதுவோ இருப்பதைப் பார்த்து, டீ என்று நினைத்து வாயருகே கொண்டுபோய்விட்டேன்.

"அக்கா, குடிச்சிறாத! அது அலிபிரி மண்ணு. மணலு கீழ, களிமண்ணு மேல, தனித்தனியா படிஞ்சிக்கினு இருக்குது. கலக்கிட்டியா?"

கலக்கிவிட்டேன். அன்றிலிருந்து என்னை மாணவியாகச் சேர்த்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலேஜ் பாடத்தை முன்கூட்டியே படித்து எழுதுகிற பரீட்சை ஒன்று இருக்கிறது. பெயர் ஏபி. அதில் சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஒரு பாடம். சென்னையில் ஒரு பள்ளியில் போய் எழுதலாம். சொல்லிக்கொடுக்கத்தான் இங்கே ஆள் கிடையாது. பழைய புத்தகம் ஒன்று, செல்போன் ஒன்று, இவ்வளவுதான் அவளுடைய வாத்தியார்கள்.

"உனக்கு ஏன்டி இந்த வம்பு?" என்று கேட்டேன்.

"இங்க என்விரான்மென்ட்டுன்னா பரிச்சக்கி முந்தின நாளு படிக்கிற சப்ஜெக்ட்டுக்கா. எனக்கு அதையே முழுசா படிக்கணும். இந்த மார்க்க காட்டினா காலேஜ்ல சேத்துக்குவாங்க."

யாருக்காவது சொல்லிக்கொடுத்தால்தான் தனக்குப் புரியும் என்பது அவள் சித்தாந்தம். ஆகவே பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, எத்தினி பக்கெட்டு ஊத்திக்கின?" என்பாள். கீசர் போட்டால், "எங்கியோ நிலக்கரி எரியுதுக்கா" என்று பெருமூச்சு விடுவாள். ஹாஸ்டல் குப்பையைத் தினமும் பிரித்துச் சமையலறைத் தராசில் எடைபோடுவாள். உணவுச் சங்கிலியை விளக்கியபோது, "நம்மள்லாம் புல்லு. ஆன்ட்டி புலி" என்றாள். ஆன்ட்டி என்பது ஹாஸ்டல் ஓனரம்மா. அதற்குப் பிறகு அந்தப் பாடம் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

ஆந்திராவில் இருந்துகொண்டு ஏபி பரீட்சை என்று சொன்னால் என்ன ஆகும்? ஏபி என்றால் ஆந்திரப் பிரதேசம், ஏபி என்விரான்மென்ட் பரீட்சை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வேலை என்று ஹாஸ்டலே முடிவு கட்டிவிட்டது. பொல்யூஷன் மேடம் என்று பெயர் வைத்தார்கள். ஆன்ட்டி அவளுக்கு மட்டும் இரண்டாம் தடவை சட்னி போட்டார். நகரியிலும் இதே கதைதான். அவளுடைய அப்பா, அவள் வார்த்தையில் நைனா, தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். அவள் திருத்தப் பார்த்தாள். யாரும் காது கொடுக்கவில்லை. அவளுக்கும் படிக்க வேண்டியது நிறைய இருந்தது.

பரீட்சை நெருங்கிய சமயம், நைனா அண்டை வீட்டுக்காரர்கள் இரண்டு பேரோடு வந்து இறங்கினார். கையில் ஒரு பாட்டில். உள்ளே பளீரென்று ரோஸ் கலர் தண்ணீர்.

"நம்ம தெருவுல சாயப்பட்டறக்காரன் உட்ற தண்ணிம்மா. பொம்பளைங்க தண்ணி புடிக்கிற கொழாயாண்டயே ஓடுது. கேட்டா மொறைக்கிறான். 'என் பொண்ணு வர்றா, இருடா'ன்னு சொல்லிக்கீறேன்."

தான் ஆபீசர் இல்லை என்று அவள் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கண்ணில் பட்டது பாட்டில் மட்டும்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நெஜ சாம்பிளு!" என்றாள். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தத் தண்ணீரில் விதை முளைக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குழியுள்ள தட்டு வேண்டும், ஈரம் காக்கத் துணி வேண்டும். இரண்டும் சமையலறையில் இருந்தன. இட்லித் தட்டின் ஒரு குழியில் வெறும் சாயத் தண்ணீர், அடுத்ததில் பாதிக்குப் பாதி, இன்னொன்றில் இன்னும் நீர்க்க, கடைசிக் குழியில் நல்ல தண்ணீர். எல்லாவற்றிலும் வெந்தயம். அவள் கட்டிலுக்கடியில் சில நாள் ஆராய்ச்சி நடந்தது. முடிந்ததும் போட்டோ எடுத்து நைனாவுக்கு அனுப்பிவிட்டு, தட்டையும் துணியையும் நன்றாகக் கழுவி இருந்த இடத்தில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆன்ட்டி இட்லிப் பானையைத் திறந்தார். உள்ளே இருந்த இட்லியெல்லாம் ரோஸ்.

நல்லவேளை, ஒருவர் வாயிலும் படவில்லை. ஆனால் ஆன்ட்டி போட்ட சத்தம் மலைமேல் கேட்டிருக்கும். "ஆபீசரு இட்லி துணியில சாயம் போடுமா?"

"நான் ஆபீசரு இல்ல ஆன்ட்டி. இது ஆந்திரா ஏபி இல்ல. அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்."

ஆன்ட்டி சட்டென்று அடங்கினார். "பிளேஸ்மென்ட்டா? ஏ கம்பெனி?"

எந்தக் கம்பெனியும் இல்லை, அமெரிக்காப் பள்ளிக்கூடப் பரீட்சை என்று அவள் விளக்க விளக்க, ஆன்ட்டியின் முகம் இட்லிக் கலருக்கு வந்தது. அறையைக் காலி செய்யச் சொன்னார். நைனாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினார். நான் கையைக் காலைப் பிடித்து, பரீட்சை முடியும் வரை அவகாசம் வாங்கினேன்.

நைனா அவளிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாராம். "நூலுக்குச் சாயம் புடிக்கும்னு நெசவுக்காரன் பொண்ணுக்குத் தெரியாதா?" அப்புறம் போனை வைத்துவிட்டார். சென்னைக்குத் துணையாக வருவதாக இருந்தவர் வரப்போவதில்லை என்று அவள் அம்மா சொன்னார்கள். அன்றைக்கு மட்டும்தான் அவள் குப்பையை எடைபோடவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் லீவு போட்டுவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். புத்தூர் தாண்டி நகரியில் பஸ் நின்றது. வெள்ளை வேட்டியும் ஒரு தூக்குமாக நைனா ஏறினார். எங்களைப் பார்க்காதது போல முன் சீட்டில் உட்கார்ந்தார். திருத்தணி வரைக்கும் அவர் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தோம். அங்கே திரும்பினார்.

"துன்னியா?"

"இல்ல நைனா."

தூக்கை நீட்டினார். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "அந்தப் போட்டோவ சாயப்பட்டறக்காரன்கிட்ட காட்டினேன். வெறுஞ்சாயத்துல ஒரு வெந்தயம்கூட மொளைக்கல பாருன்னேன். பயந்துட்டான். பைப்ப அந்தாண்ட திருப்பிக்கினான்." பஸ்ஸில் தெரிந்தவர் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நீ ஆபீசரு இல்லன்னு அவனாண்ட மட்டும் சொல்லிறாத."

அவள் சிரித்ததில் புளிசாதம் புரையேறிவிட்டது. நைனாதான் தலையில் தட்டினார்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். ஜூலையில் ரிசல்ட் வந்தது. நாலு.

"எத்தினிக்கு?" என்று போனில் நைனா கேட்டது எனக்கே கேட்டது.

"அஞ்சுக்கு."

"அந்த ஒன்னு எங்க போச்சி?"

இப்போது அவள் தூரத்து ஊர் ஒன்றில் அவள் கேட்ட பாடத்தையே படிக்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வாய்ஸ் மெசேஜ் வரும். பாறையில் படர்கிற பாசி, ஏரியில் செத்த மீன், என்னென்னவோ சொல்லிக்கொண்டே போவாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆஸ்பத்திரியில் பில் வரிசை குறைந்ததும், காதில் வைத்து இரண்டு தடவை கேட்பேன்.