மூப்பரின் சனிக்கிழமைக் குழி

ஐசால்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி லியான்புக்காவுக்கு,

இஸ்ரேலில் உன்னைக் கிதியோன் என்று கூப்பிடுகிறார்களாம். தபால்காரருக்காக உறையின் மேல் அந்தப் பெயரையே எழுதியிருக்கிறேன். நீயும் உன் மனைவி மக்களும், எங்கள் மகள் ஸோமிங்கியும், நாங்கள் இன்னும் போனில் மட்டுமே பார்த்திருக்கும் அவள் கைக்குழந்தையும் சகல சுகத்தோடும் வாழ இஸ்ரவேலின் தேவன் அருள்வாராக. இங்கே நானும் உன் அண்ணி பியாக்வேலியும் சுகம். என் மூட்டுவலியும் சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் வரவில்லை. குழந்தையிடம் சொல்லிவிடு, அதற்கு இன்னும் பேச்சு புரியாது என்றாலும்.

அசீரிய ராஜா நம்மை விரட்டி இரண்டாயிரத்து எழுநூறு வருஷம் ஆகிறது என்கிறார்கள். அத்தனை காலமும் தொலைந்து கிடந்ததில் நமக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. சீனத்துக் குகையில் குளிர் காய்ந்தோம், வேதம் எழுதிய தோலை நாய்க்குப் பறிகொடுத்தோம், மலை மலையாக ஏறினோம், வெள்ளைக்காரப் பாதிரி வந்ததும் நாலு குரலில் பாடக் கற்றுக்கொண்டோம். கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் தொல்லை. நாம் இஸ்ரவேலின் தொலைந்துபோன மனாசே கோத்திரம் என்று முதலில் சொன்னார்கள். சொன்ன கையோடு, யூதர்களாக மதம் மாற வேண்டும் என்றார்கள். தொலைந்த பிள்ளையைத் தேடிப் பிடித்த அப்பன், வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வர வேண்டுமானால் தத்துப் பிள்ளையாக வா என்ற மாதிரி. சரி என்றேன். நரைத்த வயதில் விருத்தசேதனம் செய்துகொண்டேன். அதைப் பற்றி மேலே எழுதுவதற்கில்லை. பன்றிக்கறியை விட்டேன். நம் ஊரில் ஒருவன் மனைவியை விட்டால் என்ன சண்டை என்று கேட்பார்கள், பன்றிக்கறியை விட்டால் டாக்டரைக் கூட்டி வருவார்கள். பன்றிக்கொழுப்பு போடாத கீரைக் குழம்பை இத்தனை வருஷம் சாப்பிட்டவனுக்கு வனாந்தரத்து மன்னாவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு மூப்பர் ரோதுவாமாவை உனக்குத் தெரியும். நான் கிறிஸ்தவ சபையை விட்டு விலகிய நாளிலிருந்து, நம் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை தவறாமல் வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நிற்பார். "என்னப்பா மனாசே, அடுப்ப அணைச்சாச்சா? எங்க வீட்ல இன்னிக்குப் பன்னி. காத்து உங்க பக்கம்தான் அடிக்குது, மோந்துக்கோ, மோந்தா பாவமில்ல" என்பார். "உங்க நரகத்துலயும் காத்து அடிக்கும் மூப்பரே" என்று நானும் சொல்வேன். இப்படி இருவரும் மரியாதையாகவே வாழ்ந்தோம். அந்த மனிதர் போன மாதம், வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கியதும், சாவதற்கு வாரத்தில் வேறு நாளே இல்லாதது போலச் செத்துப்போனார். என்னைச் சீண்டுவதற்காகவே செத்தார் என்பது இன்றும் என் கருத்து. மறுநாள் காலை ஊர் இளைஞர் சங்கத்து ஒலிபெருக்கி வீட்டுக்கு ஓர் ஆள் குழி வெட்ட வரச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடப்பாரையைத் தொட மாட்டார்கள், சனிக்கிழமை நான் தொடக் கூடாது, திங்கள்கிழமை வரை மூப்பர் தாங்க மாட்டார். நான் போகாவிட்டால் குழி வெட்ட ஆளா இல்லை? ஐம்பது பேர் வந்திருந்தார்கள். ஆனால் அடுத்த வீட்டுக்காரன் வராத குழியில் ஒரு மனிதனை எப்படி இறக்குவது? போனேன். பாறை. மத்தியானம் வரை வெட்டினேன்.

இந்த மாதம், இஸ்ரேலுக்கு யாரை அனுப்பலாம் என்று சோதிக்க, யூத குருக்களான ரபிமார்கள் வந்தார்கள். நம் ஜெப வீட்டு ஸபியாகாதான் மொழிபெயர்ப்பு. முந்தின நாளே வந்து எச்சரித்தான். "மாமா, குழி விஷயத்துல வாயத் தொறக்காதீங்க. மாமி, நீங்களும்தான்." நாங்கள் இருவரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் உன் அண்ணிக்கு நிகர் கிடையாது.

எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். முதலில் நான். ஓய்வுநாளை எப்படி ஆசரிக்கிறீர் என்றார் ரபி. ஜெபிக்கிறேன், வாசிக்கிறேன், தூங்குகிறேன், விளக்கைக்கூடத் தொடுவதில்லை என்றேன். தவறியதே இல்லையா? இல்லவே இல்லை. அவர் முகம் மலர்ந்தது. அடுத்து உன் அண்ணி. ஸபியாகா பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கள் கணவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "அவரப் போல ஆளு கிடைக்காதுங்க. இத்தன வருஷமா வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு அவரக் கேலி பண்ணின மனுஷன் செத்தப்போ, சனிக்கிழமைன்னுகூடப் பாக்காம மொத ஆளாப் போய்க் குழி வெட்டினாரு. மண்ணும் சேறுமா வந்து நின்னாரு. நான் உடனே அடுப்பப் பத்தவெச்சு வெந்நீர் போட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். பிறர் சாவுக்கு ஓடுவதைவிடப் பெரிய நற்குணம் உண்டென்று கேள்விப்படாத ஊரில் பிறந்தவள். அதற்குத் தனியாக மதிப்பெண் போடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். ஸபியாகா மொழிபெயர்க்காமல் இருமிப் பார்த்தானாம். ரபிக்கு நம் பாஷை கொஞ்சம் தெரியுமாம். கடைசியில் தொலைந்த கோத்திரத்தின் பாஷையைக் கற்றுக்கொண்ட ஒரே மனிதர் எனக்கென்று வந்து வாய்த்தார்.

திரும்ப என்னைக் கூப்பிட்டார்கள். "செத்தவர் காத்திருப்பார், ஓய்வுநாள் காத்திருக்காது" என்றார் ரபி. பிறகு, "வெட்டியது ஒரு பக்கம். என் முகத்தைப் பார்த்து ஏன் பொய் சொன்னீர்?" என்றார். பேத்தியைத் தூக்க என்று சொல்ல வாய் வந்தது. சீயோனுக்கு ஏங்குகிறேன் என்று சொல்லத்தான் பழகியிருந்ததால், எழுந்து வந்துவிட்டேன். ஸபியாகா வாசலில் உதட்டைப் பிதுக்கினான்.

இதற்கிடையில் குழி வெட்டியதைக் கேள்விப்பட்ட சபைக்காரர்கள், நான் மனம் திரும்பிவிட்டதாக நினைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு பன்றித் தொடையோடு வந்து இறங்கினார்கள். நம் ஜெப வீட்டாரோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது இரண்டு தரப்புக்கும் நான் தொலைந்த கோத்திரம். தொலைந்தபடியே இருக்கப்போகிறேன். இனி எந்த ரபி முன்னாலும் உட்காரமாட்டேன். உன் அண்ணியோடு பேச்சை நிறுத்தியிருக்கிறேன். அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. ஸோமிங்கியிடம் அம்மாவும் அப்பாவும் வரமாட்டார்கள் என்று பக்குவமாகச் சொல். காரணம் கேட்டால், உன் அம்மாவுக்கு நாக்கு இருக்கிறது என்று சொல்.

ஆபிரகாம் ஈசாக்கு யாக்கோபின் ஆசி உங்கள் எல்லோர்மேலும் இருக்கட்டும். அவர்களாவது யாரும் கேள்வி கேட்காமல் யூதர்களாக இருந்துவிட்டுப் போனவர்கள்.

உன் அண்ணன்,
காப்தியாங்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் ஸபியாகா வந்துபோனான். "மாமிக்கு அனுமதி ஆயிருச்சு. உங்களுக்கு ஆகல" என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். தப்பை மறைக்காமல் சொன்னவள் உண்மையானவளாம். நான் பொய்யனாம். நான் இல்லாமல் அவள் தெரு முனைக்குக்கூடப் போகமாட்டாள் என்பதால், உள்ளே போய், "ரெண்டு பேருக்கும் ஆயிருச்சு. நீ மொத விமானம், நான் அடுத்தது" என்றேன். "அதானே, குழி வெட்டினத அவங்க மதிக்காம விட்ருவாங்களா" என்றாள். இப்போது பேத்திக்குக் கம்பளி பின்னிக்கொண்டே பாடுகிறாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. விமான நிலையத்துக்கு நீயே போ. குழந்தையை அவள் கையில் கொடுத்து, அவள் நன்றாக உட்கார்ந்த பிறகு விஷயத்தைச் சொல். கத்துவாள். "அண்ணன் பொய்யர்னு ரபியே சொல்லிட்டாரு, நம்பினது உங்க தப்பு அண்ணி" என்று சொல்லிவிடு.