சுக்கானுக்கு மின்தடை இல்லை

2012 ஜூலை 18, புதன்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி. வானத்தில் மேகமில்லை, ஆற்றில் தண்ணீரில்லை, கோட்ட மின் அலுவலகத்தின் கூட்ட அறையில் மட்டும் நல்ல குளிர். மனித குலத்தின் மின்பகிர்மானச் சிந்தனை அந்த அறையில்தான் ஒரு படி உயர்ந்தது.

சரக்குக் கப்பலில் மின் அதிகாரியான அப்சர் விடுப்பில் கூத்தாநல்லூர் வந்திருந்தான். அவன் அம்மாவின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் கோவிந்தராசு, ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் குறுவை நட்டிருந்தார். மோட்டாருக்குப் பகலில் மின்சாரமில்லை. இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் பயிர் கருகிவிடும். அவர் மனுவோடு வர, அப்சர் துணைக்கு வந்தான். செயற்பொறியாளர் குஞ்சிதபாதமோ, கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் மனுவைக் ‘கருத்தரங்கு’ ஆக்கிவிட்டார்.

“கப்பல்ல கரண்டு பத்தலேன்னா என்ன தம்பி பண்ணுவீங்க?”

“ஏ.சி.யும் அடுப்படியும் முதல்ல தானா நின்னுடும் சார். சுக்கானை மட்டும் தொடவே மாட்டோம்.”

“கேப்டன் ரூம் ஏ.சி.?”

“அதுவும்தான்.”

“அவரு ஒத்துக்கிறாரா?”

“சுக்கான் நின்னா அவரும்தானே சார் முழுகணும்?”

குஞ்சிதபாதம் கண்களை மூடிச் சிந்தித்தார். “பிரமாதம். இன்னிக்கே அமல்படுத்திடுவோம்!”

கோவிந்தராசு அப்சரின் கையைப் பற்றி அழுத்தினார். பயிர் பிழைத்துவிட்டதென்றே அப்சரும் நம்பினான்.

தேநீர் வந்தது, அதன் பின் தட்டச்சு செய்த தீர்மானமும் வந்தது. பொறியாளர் எழுந்து நின்று வாசித்தார்: “சுக்கானாவது, திசையை முடிவு செய்யும் இடம். எனவே இக்கூட்ட அறைக்கு, குளிர்சாதனம் உட்பட, மின்தடை இல்லை. அடுப்படியாவது, சோறு உண்டாகும் இடம். எனவே பாசன மோட்டார்கள் முதற்கண் துண்டிக்கப்படும்.”

அப்சர் பதறினான். “சார், வயலு எப்படி சார் அடுப்படி ஆகும்?”

“நாட்டுக்கே நாங்கதான் சோறு போடுறோம்னு மேடைக்கு மேடை பேசுறீங்கள்ல? அப்ப அதான் அடுப்படி.”

“கப்பல்ல ஏ.சி.யையும் நிறுத்துவோம் சார்!”

“சுக்கான்ல இருக்கறவன் வேர்த்து வழிஞ்சா திசை தப்பிடும் தம்பி.”

பச்சை மையில் கையொப்பம் விழுந்தது. மனுதாரர் என்ற முறையில் கோவிந்தராசுவிடம் பிரதியொன்று மரியாதையுடன் வழங்கப்பட்டது. அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“சுக்கானைப் பத்திரமா வச்சுக்குங்க சார்,” என்றார். “கப்பல் மிதக்கத் தண்ணி வேணுமே, அதுக்கு எந்த மோட்டாரைப் போடப் போறீங்க?”